கழுவப்பட்டவரும் கட்டியவரும்

கடந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு, எங்கள் சபையில் ஒருவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். பழைய வாழ்க்கையில் பலரை ஏமாற்றினாராம். கர்த்தர் தொட்டாராம். இயேசுவின் இரத்தம் கழுவி, பாவமெல்லாம் போய்விட்டதாம். சபை அல்லேலூயா என்றது.

அந்தப் ‘பலரில்’ ஒருவர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அம்மா. அந்த மனிதர் நடத்திய கூட்டுப் பணத்தில் மாதம் 300 வெள்ளி வீதம் 20 மாதம் கட்டியவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவிய காசு. அம்மாவின் முறை வருவதற்குள் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். மொத்தம் 6,000 வெள்ளி. நான் பல்கலைக்கழகம் போகவிருந்த வருடம் அது. அப்போது எடுத்த பிடிபிடிஎன் கடனை இன்றும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் அவர் அம்மாவின் கையைப் பிடித்து, “ஸ்தோத்திரம் சிஸ்டர்” என்றார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பாஸ்டரிடம் கேட்டேன். “தம்பி, கர்த்தர் மன்னிச்சத நாம தோண்டக்கூடாது” என்றார்.

சிலுவையை நான் நம்புகிறேன். இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் போக்காடு எல்லாருக்கும் தெரியும். மக்களின் பாவங்களை அதன் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்புவார்கள். ஞாயிறு பள்ளியில் அதைப் படம் வரையச் சொல்வார்கள். அதே புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தை யாரும் வரையச் சொல்வதில்லை. அயலானை ஏமாற்றியவன் பறித்ததை முழுசாகத் திருப்பித் தரவேண்டும். கூடவே ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கவேண்டும். அதற்குப் பிறகே ஆட்டுக்கடா. அம்மாவின் கணக்கில் இது 7,200 வெள்ளி.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா இன்னும் பச்சையாகச் சொல்கிறது: சக மனிதனுக்குச் செய்த பாவத்தை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவிர்த்தி நாளும் போக்காது. இயேசு பேசியதும் இதே மரபில் நின்றுதான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னது மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புகிறேன் என்று சகேயு சொன்ன பிறகுதான், அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக அறிவித்தார்.

பிறகு எங்கே வழி மாறியது? அன்செல்ம் ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை 1098இல் முடித்தார். அவருக்குப் பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கடன். மனிதனால் அடைக்க முடியாத அதைக் கிறிஸ்து அடைக்கிறார். இந்தக் கணக்கில் கடன்பட்டவன் ஒருவன், கடன் கொடுத்தவர் ஒருவர். ஏமாந்த மூன்றாவது ஆளுக்கு இடம் எங்கே? ஆனால் அன்செல்மை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. திருடியதைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது, அதற்கு மேலும் தரவேண்டும் என்பது அவர் வாதத்திலேயே இருக்கிறது. நம் மேடைகள் வாதத்தை விட்டுவிட்டு ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டன.

“அப்போ கிரியையாலயா இரட்சிப்பு?” என்று என் சபை நண்பர்கள் கேட்கிறார்கள். இரட்சிப்பு இலவசமாகவே இருக்கட்டும். அந்த 6,000 வெள்ளி அம்மாவுடையது. அதைத் தள்ளுபடி செய்யும் உரிமை பாஸ்டருக்கும் இல்லை, கைதட்டியவர்களுக்கும் இல்லை. மனந்திரும்புதலைக் கேட்காமல் மன்னிப்பை மட்டும் பிரசங்கிப்பதை 1937இலேயே போன்ஹோஃபர் மலிவான கிருபை என்றார்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பழுது அறிக்கையை, பழுதுக்குக் காரணமானவரே மூடிவிட முடியாது. பாதிக்கப்பட்ட பிரிவு கையெழுத்துப் போடவேண்டும். ஓர் இயந்திரத்துக்குக் கிடைக்கும் இந்த நியாயம், இருபது மாதம் காசு கட்டிய மனுஷிக்கு ஏன் கிடைப்பதில்லை?

அன்று காரில் வரும்போது அம்மா சொன்னார்: “மன்னிக்க மாட்டேன்னா சொன்னேன்? எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லயே.”

அடுத்த முறை யாராவது மேடையில் தான் கழுவப்பட்டதாகச் சாட்சி சொன்னால், அல்லேலூயாவுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “யாருக்குத் திருப்பிக் கொடுத்தீங்க?”