படிக்கட்டில் பைக், கூரையில் துருக்கறை... உங்க ஆபீஸ் கட்டிடம் எவ்வளவு சேஃப்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம், மகாத்மா காந்தி வீதியில் நடந்து போகும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. கீழே கடை, மேலே ஆபீஸ் என்று பல கட்டிடங்கள். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி போர்டு. ஆனா எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு குறுகலான படிக்கட்டுதான். அதன் அடியில் மெயின் போர்டு, மீட்டர்கள். அதுக்கு முன்னாடி பைக்குகள், கடையின் காலி அட்டைப்பெட்டிகள். சில இடங்களில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் இ-ஸ்கூட்டரும் உண்டு.

நாலு வருஷம் அதே படியில் ஏறி இறங்குபவருக்கு இது கண்ணிலேயே படாது. பிரச்சினையே அங்கதான்.

மின்கசிவு அந்த போர்டில் தொடங்கினால், தீ மேலே வருவதற்கு முன்பே புகை வந்துவிடும். தப்பிக்க இருக்கும் ஒரே வழி புகைபோக்கியாக மாறிவிடும். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரி 23-ம் தேதி நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். மின்கேபிள் செல்லும் குழாய்ப் பகுதியில் பிடித்த தீயின் புகை, ஆபீஸ் மாடிகளை நிரப்பியது. புகையில் சிக்கியும் ஜன்னல் வழியே குதித்தும் 9 பேர் இறந்தார்கள். அது கண்ணாடி போட்ட பெரிய வணிக வளாகம். நம்ம ஊர் மூணு மாடிக் கட்டிடத்துக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். இங்கே மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்கு இரும்பு கிரில். குதிக்கக்கூட வழியில்லை.

இதைச் சரிசெய்ய என்ன செலவு? பைக்கை வெளியே நிறுத்துவதும், பெட்டிகளை அகற்றுவதும் இலவசம். மொட்டைமாடிக் கதவுக்கு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடலாம்.

அடுத்து வயரிங். ஏசி போட்டதும் எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகுதா? 'பெருசா ஒண்ணு மாட்டிடுங்க' என்பதுதான் பல ஆபீஸ்களின் தீர்வு. 16 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியர் போட்டால் ட்ரிப் நிற்கும், உண்மைதான். ஆனா சுவருக்குள் இருக்கும் வயர் அதே பழைய வயர். இப்போ அது சூடாகி உருகினாலும் எம்சிபி வாயைத் திறக்காது. லோடைக் குறைக்கணும், இல்லாட்டி ஏசிக்குத் தனி வயர் இழுக்கணும். ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். அழுத்தினால் கரன்ட் கட் ஆகணும். ஆகலைன்னா மாத்துங்க. (கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணிட்டு அழுத்துங்க!)

கடலோர ஊருக்கு இன்னொரு தலைவலி, உப்புக்காற்று. கூரையில் பழுப்புக் கறை, கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல், தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம்... உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது வைத்தியம் இல்லை, மேக்கப். தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்துதான் மறுபடி பூசணும். கம்பி பாதி கரைந்திருந்தால் கொத்தனார் போதாது, கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தே ஆகணும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி கட்டிடத்தை நினைவூட்டத் தேவையில்லை. 19-ம் நூற்றாண்டில் கட்டிய அந்த நகராட்சி அலுவலகம் பலவீனமாகிவிட்டது ஊருக்கே தெரியும். 2014 நவம்பர் 29-ம் தேதி, கனமழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அரசுக் கட்டிடத்துக்கே அந்தக் கதி என்றால், வாடகைக் கட்டிடத்தை யார் கவனிப்பது?

ஓனர் 'நீங்கதானே யூஸ் பண்றீங்க' என்பார். நிறுவனம் 'கட்டிடம் அவரோடது' என்னும். 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, மின்சாரம் பயன்படுத்தி 10 பேராவது வேலை செய்யும் உற்பத்திக் கூடங்களுக்குத்தான் பொருந்தியது. ஆறு பேர் உட்காரும் டிசைன் ஆபீஸ் அதில் வரவில்லை. அதனால் பேச வேண்டியது ஊழியர்தான். வேலையை நினைத்து ஜூனியர்கள் தயங்குவது நியாயம். எனவே தனியாகப் போகாமல், எல்லா மாடிக்காரர்களும் சேர்ந்து, போட்டோவுடன் எழுத்தில் கொடுப்பது நல்லது. வாய்வார்த்தையை மறக்கலாம், தேதி போட்ட கடிதத்தை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது.

முதல் கடிதத்தில் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயைச் சேர்த்துக்குங்க. இலை அடைத்த ஒரு குழாய் போதும், ஐப்பசி மழையில் தளத்தின் மேல் குளம் கட்ட. புரட்டாசிக்குள் அதைச் சுத்தம் பண்ண ஒரு ஆள், அரை நாள் கூலி.