வயிற்றில் பை வைத்தே ஆக வேண்டுமா?

மாத்தளையில் வாழும் ஒரு சகோதரி கேட்கிறார்: "எனக்கு வயது 47. சண்டையில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு இங்கு வந்து கூலிவேலை செய்கிறேன். மலத்தோடு இரத்தம் போனது. மூலவியாதி என்று எண்ணி, வெட்கத்தில் எட்டு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது மலக்குடலில் சிறிய புற்றுநோய்க் கட்டி என்கிறார்கள். மலவாசலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைப்பார்களாமே? பிறகு எப்படி வேலைக்குப் போவேன்?"

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எல்லோருக்கும் நிரந்தரமாகப் பை தேவைப்படுவதில்லை.

மலத்தை அடக்கி வைப்பது மலவாசலைச் சுற்றியுள்ள வளையத் தசை. கட்டி அந்தத் தசையைப் பிடித்திருந்தால் அதையும் அகற்ற நேரும். பிறகு பைதான் வழி. தசை தப்பியிருந்தால் அதைக் காப்பாற்ற முயலலாம்.

கட்டி 3 சென்ரிமீற்றருக்குக் குறைவாக, குடற்சுவரின் உட்படைகளோடு நின்று, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால், வயிற்றை வெட்டாமல் மலவாசல் வழியாகவே அதை எடுக்கலாம். எடுத்த துண்டைப் பரிசோதிக்கும்போது நோய் ஆழமாகப் போயிருப்பது தெரிந்தால், பெரிய சத்திரசிகிச்சை வேண்டிவரும்.

கட்டி பெரிதானால் முதலில் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் கொடுப்பார்கள். சிலருக்குக் கட்டி முற்றாகக் கரைந்துவிடும். அத்தகையவர்களை வெட்டாமல் கண்காணிக்கலாம் என்று பிரேசில் நாட்டுப் பெண் சத்திரசிகிச்சை நிபுணர் அஞ்செலிற்றா ஹபர்-காமா 2004இல் எடுத்துக்காட்டினார். எனினும் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் வளர்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள். கிளினிக் நாளைத் தவறவிடுபவருக்கு இந்த வழி ஆபத்தானது.

டொக்டரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்: கட்டி மலவாசலிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில்? தசையைத் தொட்டிருக்கிறதா? எவ்வளவு ஆழம்? கணுக்களுக்குப் பரவியுள்ளதா? பை வைத்தால் தற்காலிகமா, நிரந்தரமா? எம்.ஆர்.ஐ. ஸ்கான் இவற்றில் பலவற்றுக்குப் பதில் தரும். மாத்தளை வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்றுக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

ஒருவேளை பைதான் என்றாலும் மனம் உடையாதீர்கள். பையோடு சமைக்கலாம், பஸ்ஸில் போகலாம், வேலையும் செய்யலாம். பாரமான பொருட்களைத் தூக்குவது பற்றி மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றச் சகோதரிகளே, மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது போனால்தான் தசையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெட்கத்தை விட உங்கள் உயிர் பெரிது.