தேவாலயப் பரணில் எண்பது பேர்

டென்மார்க்கின் ஸீலண்ட் தீவில் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கில்லெலய. மீன்பிடித்து வளர்ந்த சிறு துறைமுக ஊர். 1835 கோடையில் இங்கே வந்து தங்கிய 22 வயது சோரன் கியர்கெகார்ட், வாழ்நாளை எதற்காகச் செலவிடுவது என்று குறிப்பேட்டில் எழுதிக் குழம்பினார். கடலோரக் குன்றில் அந்தத் தத்துவவாதிக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. ஆனால் ஊருக்கு மறக்க முடியாத நினைவு வேறு.

1943 செப்டம்பர் இறுதி. டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் வந்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. யூதர்களைக் கூண்டோடு பிடிக்கப் போகும் ரகசியத்தை ஜெர்மன் தூதரக அதிகாரி கியோர்க் டக்விட்ஸே கசியவிட்டார். அக்டோபர் 1 இரவு கதவைத் தட்டிய போலீஸை வரவேற்றவை பெரும்பாலும் காலி வீடுகள்தான்.

தப்பியவர்கள் கடற்கரையைத் தேடி ஓடினார்கள். கில்லெலய ரயில் பாதையின் கடைசி நிலையம். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே நடுநிலை நாடான ஸ்வீடனின் கரை தெரியும். உள்ளூர் மக்கள் வந்தவர்களை வீடுகளிலும் கொட்டகைகளிலும் ஒளித்து வைத்தார்கள். மீனவர்கள் படகில் ஏற்றினார்கள் - சும்மா அல்ல. ஒருவருக்கு ஆயிரம் குரோனர் என்பது அப்போது சகஜமான கட்டணம். தொழிலாளியின் மாதச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பிடிபட்டால் படகு பறிபோகலாம், சிறைக்கும் போக நேரலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையில் காசில்லாதவர்களுக்காக நன்கொடை திரட்டப்பட்டது. டென்மார்க்கிலிருந்து தப்பிய ஏழாயிரத்துச் சொச்சம் யூதர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தத் துறைமுகம் வழியாகச் சென்றதாகக் கணக்கு.

எல்லோரும் கரை சேரவில்லை. ஒரு நாள், கெஸ்டாபோ வருகிறது என்ற பீதியில் கப்பலொன்று பாதிப் பேரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. நின்றுபோனவர்களில் சுமார் எண்பது பேரை ஊர் தேவாலயத்தின் பரணில் ஒளித்தார்கள். மறுபடி படகு வருவதற்குள் ஹெல்சிங்கோர் கெஸ்டாபோ தலைவன் ஹான்ஸ் யூல் ஆட்களோடு வந்து தேவாலயத்தை வளைத்துக்கொண்டான். மணிக்கூண்டில் பதுங்கிய ஒருவர் மட்டும் தப்பினார்.

பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். டென்மார்க் அதிகாரிகள் அவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். உணவுப் பொட்டலங்களும் போயின. அப்படியும் டென்மார்க்கிலிருந்து அங்கே போன சுமார் 470 பேரில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்றவர்களை 1945 ஏப்ரலில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகள் வந்து ஏற்றிச் சென்றன.