வெளிச்சம் விழவேண்டிய இடம்

இப்போதெல்லாம் பொழுதுபட்ட பிறகு நல்லூர்ப் பக்கமோ கோண்டாவில் பக்கமோ ஓர் ஒழுங்கைக்குள் சைக்கிளில் போகவே பயமாக இருக்கிறது. மதிலுக்கு மதில் பூட்டியிருக்கும் ஃபிளட் லைற்றுகள் முகத்தில் அடிக்கின்றன. எதிரே வருகிறவரும் தெரிவதில்லை, காலடியில் கிடக்கும் பள்ளமும் தெரிவதில்லை. சில வீடுகளில் ஆட்களே இல்லை. உரியவர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். ஆனால் லைற் மட்டும் விடியவிடிய எரிகிறது.

வெளிச்சம் கூடினால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிட்டோம். எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதே பெரிது. இதை அறிந்திருக்க வேண்டிய ஊர் நம்முடையது.

1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல் போனது. மண்ணெண்ணெய் யானை விலை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது வீடுகளைக் காப்பாற்றியது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் வால்வுக்கட்டையிலோ தகரத் துண்டிலோ செருகிய நூல்திரி. சுடர் கண்ணாடிக்குள்ளேயே நின்றதால் காற்றுக்கு அணையவில்லை. அந்தச் சின்னச் சுடரில்தான் ஒரு தலைமுறை ஓ.எல்.லும் ஏ.எல்.லும் படித்தது.

அது சாத்தியமானது விளக்கை வைத்த விதத்தால். கவிழ்த்த பேணியின் மேல் வைத்தால் வெளிச்சம் கொப்பிமுழுதும் பரவும். வலக்கையால் எழுதுகிறவர் இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது. சுடருக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு மட்டையை நிறுத்தினால் கண் கூசாது. உயரம், பக்கம், மறைப்பு: இன்றைக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து லைற் வாங்கினாலும் பார்க்கவேண்டியவை இந்த மூன்றும்தான்.

குசினியைப் பாருங்கள். சீலிங்கின் நடுவில் ஒரு பல்ப். மரக்கறி வெட்டும் மேசை சுவரோரம். வெட்டுகிறவர் பல்புக்கு முதுகு காட்டி நிற்பதால், தன் நிழலுக்குள்ளேயே கத்தியைப் பிடிக்கிறார். மேல் தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய ரியூப் பூட்டிவிட்டால் அந்தக் கஷ்டம் அன்றோடு தீரும். ஹோலில் ஃபானுக்கு மேலே லைற் இருந்தால் தகடுகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அதன்கீழ் இருந்து பத்து நிமிடம் பேப்பர் வாசிக்க முடியாது. லைற் ஃபானின் பக்கத்துச் சுவருக்குப் போகவேண்டும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடைகிறது. அம்மம்மா தேவாரப் புத்தகம் வாசிக்கும் கதிரைக்கு அருகில் தனியாக ஒரு மேசை லைற் வையுங்கள். கட்டிலிலிருந்து கழிவறைவரை முழங்காலுக்குக் கீழே மங்கலான மஞ்சள் லைற் ஒன்றிரண்டு போதும். நள்ளிரவில் எழும்புகிறவருக்கு உச்சியிலிருந்து கொட்டும் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கட்டிவிடும்.

பல்ப் வாங்கும்போது வாட்டை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பழைய 60 வாட் குண்டு பல்ப் தந்த சுமார் 800 லூமென் வெளிச்சத்தை இன்று எட்டு, ஒன்பது வாட் எல்.ஈ.டி. தருகிறது. பெட்டியில் கெல்வின் என்று இன்னோர் இலக்கமும் இருக்கும். 2700, 3000 என்றால் இதமான மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கும் விறாந்தைக்கும் மஞ்சளே நல்லது. நீலம் கலந்த வெளிச்சம் இரவில் நித்திரையைத் தள்ளிப்போடும். மாரியில் ஈசலையும் பூச்சியையும் கூட்டமாக அழைத்துவரும்.

வளவுக்கு எங்கெங்கே லைற் வேண்டும் என்பதற்குக் கார்த்திகை விளக்கீடே வழிகாட்டும். படலையடியில் வாழைக்குற்றி நட்டு அதன்மேல் சிட்டி விளக்கு ஏற்றுவோம். தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைக் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் வளவு மூலைகளிலும் குத்துவோம். மனிதர் காலும் கையும் போகும் இடங்கள் அவை. படலை, படி, கிணற்றடி, மோட்டர் அறை, பின்கோடிப் பாதை ஆகிய இடங்களுக்கு மட்டும், இடுப்புக்குக் கீழே, தொப்பி போட்ட லைற்றுகளைப் பூட்டுங்கள். பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில்தான் வேரும் கல்லும் பாம்பும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். மாமரமும் பனையும் இருட்டில் இருக்கட்டும். வௌவாலுக்கும் பறவைக்கும் இரவு வேண்டும்.

குடாநாட்டில் கடலுக்குத் தூரமான இடமே இல்லை. உப்புக்காற்றில் இரும்புக் கூடுகள் சீக்கிரம் கறள் பிடிக்கும். பித்தளையோ தரமான பிளாஸ்ரிக்கோ நின்றுபிடிக்கும். மழைபடும் இடத்துக்கு ஐ.பி. 65 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஈரத் தரையில் மின்னொழுக்கு உயிரை எடுக்கும். வெளி லைற் வயர் முழுவதும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சின் காவலுக்குள் இருக்கவேண்டும். அதன் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும்.

விளக்கின் அழகுக்கு முன் அதன் பாதுகாப்பு என்பதை இந்த நாட்டில் செய்தே காட்டியவர் சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர. குப்பி விளக்குச் சரிந்து எரிந்துபோனவர்களுக்கு மருந்துகட்டிக் கொண்டிருந்தவர், குள்ளமான, கனமான, சரிந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டையான, திருகுமூடியுள்ள ஒரு விளக்கை வடிவமைத்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது அதற்குக் கிடைத்தது. லைற் கடைக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஒழுங்கு வரவேண்டும்: முதலில் ஆபத்தில்லாமை, பிறகு பயன், கடைசியாகத்தான் வடிவு.

புது வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வயறிங் வேலை தொடங்க முன்னரே, சுவர் பூச முன்னரே, வெறும் நிலத்தில் சோக்கால் கீறுங்கள்: கட்டில் இங்கே, படிக்கும் மேசை இங்கே, சாமித்தட்டு இங்கே, அம்மா இருக்கும் கதிரை இங்கே. அந்தக் கீறலைப் பார்த்து ஹோல்டருக்கும் சுவிச்சுக்கும் இடம் சொல்லுங்கள். சீலிங்குக்கும் மாபிளுக்கும் லட்சங்கள் கொட்டுகிறோம். இதற்கு ஒரு பின்னேரத்தைச் செலவழித்தால், அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களின் கண்ணுக்கும் காலுக்கும் நாற்பது வருடம் நன்மை.