மலை சரிந்த பிறகு பிள்ளைகளிடம் எதைக் கேட்கின்றோம்?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மண்சரிவினால் சிதைந்தன. டிசம்பர் நடுப்பகுதியில் பாடசாலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஒத்திவைக்கப்பட்ட உயர்தரப் பரீட்சை ஜனவரியில் நடந்தது. அன்றிலிருந்து கூட்டங்களிலும் செயலமர்வுகளிலும் நான் அடிக்கடி கேட்கும் சொல் 'மீண்டெழும் ஆற்றல்'. மலையகப் பிள்ளைகளுக்கு அதை ஊட்ட வேண்டுமாம். ஹட்டன் பகுதித் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கின்றவன் என்ற வகையில் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

தோட்டத்துப் பிள்ளையிடம் மனவலிமை இல்லை என்று யார் சொன்னது? அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டால், தரம் நான்கில் படிக்கின்ற மகள்தான் தம்பிக்கு முகம் கழுவிவிட்டு, அவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பனிமூட்டத்தில் இறங்கிப் பாடசாலைக்கு வருகின்றாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறைக்குள் ஐந்தாறு பேருக்கு மத்தியில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கின்றாள். அவளிடம் இல்லாதது பலமல்ல, பயத்தை இறக்கி வைக்க ஓர் ஆள். நவம்பருக்குப் பிறகு தகரக் கூரையில் மழை கொஞ்சம் பலமாக விழுந்தாலே எனது வகுப்பில் பாதிப் பேரின் கண்கள் யன்னலுக்குப் போகின்றன, எதிரேயுள்ள சரிவைப் பார்க்கின்றன. "கரும்பலகையைப் பார்" என்று அதட்டி அந்தக் கண்களைத் திருப்ப முடியாது.

மீண்டெழும் ஆற்றல் பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று ஒரு தோட்டப்புறத்திலேயே நடந்தது. ஹவாயின் கவாய் தீவில் கரும்பும் அன்னாசியும் விளைந்த காலம். 1955இல் அங்கு பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வேர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்தனர். பெற்றோர் பலர் தோட்டக் கூலிகள், புலம்பெயர்ந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கேட்கும்போதே நமது கதை போல இருக்கின்றதல்லவா? வறுமை, குடும்பச் சண்டை, குடி எனப் பல சுமைகள் சேர்ந்திருந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையுள்ள, அக்கறையுள்ள மனிதராக வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, கைவிடாத ஒரு பெரியவரின் பிணைப்பு. தாயோ தந்தையோதான் என்றில்லை. பாட்டி, மூத்த சகோதரி, அயலவர், ஓர் ஆசிரியர், யாராகவும் இருக்கலாம்.

வீட்டில் இதற்குப் பணம் தேவையில்லை. கொழும்பில் வேலை செய்யும் தந்தை தினமும் ஒரே நேரத்தில் அழைப்பெடுத்தாலே ஒரு பிடிமானம்தான். இரவில் பிள்ளை பயந்து எழுந்தால், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா" என்று கேட்பதை விட அருகில் உட்காரும் அப்பாயி பெரிய உதவி செய்கின்றார். நாம் 'சபர்' என்ற சொல்லையும் சில வேளைகளில் பிள்ளையின் வாயை மூடுவதற்கே பயன்படுத்துகின்றோம். செல்லக் குருவியை இழந்து சோகமாயிருந்த சிறுவன் அபூ உமைரிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். அழாதே என்று சொல்லவில்லை.

பாடசாலையில் நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கின்றேன். தரம் ஏழு மாணவர்கள் பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மழைமானி செய்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு அறிவித்தல்கள் என்ன சொல்கின்றன, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் ஏன் விழிப்பாக இருக்க வேண்டும், 150 என்றால் ஏன் வெளியேற வேண்டும் என்று கணித பாடத்திலேயே பேசினோம். மேட்டு லயத்துப் பிள்ளைகள் எந்தப் பாதையால் இறங்குவது, பாட்டியை யார் கைபிடிப்பது என்று வரைந்தார்கள். மழை வந்தால் இப்போதும் யன்னலைப் பார்க்கின்றார்கள், ஆனால் ஒருவன் எழுந்துபோய் அளவை வாசித்துவிட்டு வருகின்றான். "முப்பத்திரண்டு சேர்" என்கின்றான். வகுப்பு மூச்சு விடுகின்றது.

இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பிள்ளை தைரியமாகிவிட்டான் என்பதற்காக மலை பாதுகாப்பாகிவிடுவதில்லை. கொஸ்லந்த மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் புதைந்தபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. உயிர் பிழைத்த குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் கழித்தன. பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள், உண்மைதான். தாங்குகின்றார்கள் என்பதாலேயே பெரியவர்கள் ஆறுதலாக வேலை செய்தார்கள் என்றும் தோன்றுகின்றது. இம்முறையும் பாதுகாப்பான காணிக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு உளவள வகுப்பு என்று முடிந்துவிடக் கூடாது.

நம்மவர்களோடு நேரடியாகத் தொடர்புபட்ட விடயம் ஒன்று இருக்கின்றது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் கிழக்கிலிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் வந்த முஸ்லிம் ஆசிரியர்கள் பலர் கடமையாற்றுகின்றனர். நியமனம் கிடைத்து, கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கின்றனர். குற்றம் சொல்லவில்லை, ஊரில் வயதான உம்மாவும் வாப்பாவும் காத்திருக்கின்றார்கள். ஆனால், கவாய் தீவின் பிள்ளைகளைக் காப்பாற்றிய அந்த 'ஒரு பெரியவர்' இங்கே பல பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான். இந்த வருடம் இடமாற்றப் படிவம் நிரப்புகின்றவர்கள், முடியுமானால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். முடியாவிட்டால், போவதற்கு ஒரு மாதம் முன்பாவது பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், யார் வரப்போகின்றார் என்பதையும் சொல்லுங்கள். ஜனவரியில் வகுப்புக்குள் நுழைந்தபோது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி பாடத்தைப் பற்றியதல்ல: "சேர், நீங்களும் போறீங்களா?"