அல்சர் வர காரணம் காரமா, கிருமியா? கேஸ் மாத்திரை மட்டும் போதுமா?

"நேரத்துக்கு சாப்பிடல, அதான் அல்சர்", "காரத்தைக் குறைச்சா சரியாயிடும்" - வயிறு எரிந்தால் வீட்டில் முதலில் வரும் பேச்சு இதுதான். காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால், பல அல்சர்களுக்கு உண்மையான காரணம் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற பாக்டீரியா. சிலருக்கு வலி மாத்திரைகளை அடிக்கடி சாப்பிடுவதாலும் அல்சர் வரும்.

கண்டுபிடித்தது யார்?

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினர் டாக்டர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன். ஆசிட் இருக்கும் வயிற்றில் கிருமி எப்படி வாழும் என்று பலரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி வந்தது. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி உறுதியானது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆசிட்டில் எப்படி தப்பிக்கிறது?

'யூரியேஸ்' என்ற நொதியால் அம்மோனியாவை உருவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள ஆசிட்டின் வீரியத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு இரைப்பையின் சளிப் படலத்துக்குள் புகுந்து, வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது.

எல்லோருக்கும் ஆபத்தா?

இல்லை. கிருமி இருக்கும் பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் வராது. சிலருக்கு அல்சர் வரும். மிகச் சிலருக்கு இரைப்பை புற்றுநோய் வரை போகலாம். அதனால்தான் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

கேஸ் மாத்திரை போதுமா?

இங்குதான் சிக்கல். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் எரிச்சலை அடக்கும், புண்ணையும் ஆற்றும். ஆனால் கிருமி சாகாது, புண் திரும்ப வரலாம். இவற்றை சாப்பிட்டுக்கொண்டே டெஸ்ட் எடுத்தால், கிருமி இருந்தும் 'நெகட்டிவ்' என்று காட்டலாம். எனவே மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

சிகிச்சை என்ன?

ஆன்டிபயாடிக் மருந்துகளும் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, பொதுவாக 14 நாட்கள் தரப்படும். "எரிச்சல் போயிடுச்சு" என்று பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். கோர்ஸ் முடிந்து 4 வாரமாவது கழித்து மீண்டும் டெஸ்ட் எடுத்தால்தான் கிருமி ஒழிந்ததா என்று உறுதியாகும்.

மலம் கருப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம் - இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.