நெசவாளி படமும் கண்காட்சிக்குப் போகட்டும்!

வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் பலகை செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றிப் படம் எடுக்கும் கலைஞர்களுக்குச் சிலர் புத்தி சொல்கிறார்கள்: "கண்காட்சிக்குக் கோபுரத்தை அனுப்பு, தேரை அனுப்பு, அன்னப்பட்சியை அனுப்பு. குழித்தறியையும் கூலிக்காரனையும் வீட்டிலேயே வை. தேர்வுக் குழுவுக்குப் பிடிக்காது!"

இந்தப் புத்தியால் யாருக்கு லாபம் என்று கேட்கிறோம்.

கோபுரம் அழகுதான். அதற்குக் கல் சுமந்தவனும் உழைப்பாளியே. ஆனால் கோர்வைப் பட்டுச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளியின் கை மட்டும் போதாது. கரைக்கான நாடாவை எறியப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு அடகு போன குழந்தையின் கையாக இருந்தது. அந்தக் கை நெய்த அன்னப்பட்சியைச் செதுக்கினால் கலையாம். அந்தக் கையையே செதுக்கினால் அரசியலாம்! என்ன நியாயம் இது?

சரித்திரத்தைப் பார்ப்போம். பிரஷ்ய அரசின் கீழிருந்த சிலேசியாவில், 1844 ஜூனில், கூலி வெட்டால் பட்டினி கிடந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பட்டாளம் சுட்டது, 11 பேர் மாண்டார்கள். கெத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் பெண் கலைஞர் அந்தக் கிளர்ச்சியை ஆறு அச்சுப் படங்களாக்கினார். 1898-ல் அவற்றை எங்கே அனுப்பினார் தெரியுமா? அதே அரச வம்சத்தின் தலைநகரான பெர்லினில் நடந்த பெரிய கண்காட்சிக்கு!

தேர்வுக் குழு தூக்கி எறிந்ததா? இல்லை. அரசர்களைத் தீட்டிப் புகழ் பெற்ற முதிய ஓவியர் மென்செல்லே தங்கப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தார். மறுத்தவன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம்! மறு வருஷமே டிரெஸ்டன் நகரம் அவருக்குப் பதக்கம் அளித்தது. 1930-களில் சீன எழுத்தாளர் லூ சுன் அவருடைய படங்களைத் தம் நாட்டில் பிரசுரித்தார். 'பிடிக்காது' என்று கோல்விட்ஸ் தாமே கழித்திருந்தால், சக்கரவர்த்திக்கு மறுக்கும் வேலைகூட இருந்திருக்காது!

நம் நாட்டிலும் அத்தகையோர் உண்டு. 1943 பஞ்சத்தில் மிட்னாபூர் மாவட்டத்தைச் சுற்றிப் பட்டினியைத் தீட்டினார் சித்தபிரசாத். பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் புத்தகத்தைப் பறித்து எரித்தது. பிற்பாடு உழைக்கும் குழந்தைகளை அவர் லினோலியத்தில் செதுக்கினார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்த தேபாகா குத்தகை விவசாயிகளை 1946-ல் சோம்நாத் ஹோர் வரைந்தார்.

நெசவாளி படம் என்பதற்காக மோசமான செதுக்கலை ஏற்கச் சொல்லவில்லை. இழை அறுந்த சேலையை எந்த நெசவாளி மடித்துக் கொடுப்பான்? மென்செல்லை அசைத்தது கைத்திறனும்தான்.

கண்காட்சி நடத்துவோரிடம் நாம் கோருவது இரண்டு: தேர்வுக் குழுவில் நெசவாளர் ஒருவர் உட்காரட்டும், கழித்த படங்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்குங்கள்!

கலைஞர்களே! உங்களிடம் உள்ளவற்றில் சிறந்ததை அனுப்புங்கள்; பயமில்லாததை அனுப்புங்கள். கழிப்பது அவர்கள் வேலை. அதை நீங்கள் செய்யாதீர்கள். திருப்பி அனுப்பினால் என்ன? ஒரே பலகையில் நூறு பிரதி எடுக்கலாம். சங்க ஆபீஸ், படிப்பகம், டீக்கடை, தறிக்கூடம் - நம்மிடம் சுவருக்கா பஞ்சம்?